இருப்புப்பாதையின் அடியில் ஒரு நகரம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் ஒரு மாலை நம் சங்கச் செயலாளர் அவர்கள் இல்லத்திற்கு எழுந்தருளி, “இவ்வாண்டு குழந்தைகளும் அமர்ந்து கேட்கும்படியாக ஏதேனும் பேசவேண்டும். புதையல் வேட்டை என்றால் ஓடமாட்டார்கள்” என்று கட்டளையிட்டார். நாமோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, சரக்கு அலுவலகத்தில் இருபதாண்டுகளாக, முதலில் பேரேட்டிலும் பின்னர்க் கணிப்பொறியிலும், மூட்டைகளை எண்ணி வருகிறோம். புதைபொருள் ஆராய்ச்சிக்கும் நமக்கும் வெகுதூரம். எனினும் இரயில்வேக்காரர்களாகிய எங்களுக்கும் இந்நாட்டின் மிகப் பெரிய புதையலுக்கும் இடையே ஒரு பழங்கணக்கு உண்டு. அது பற்றுக் கணக்கு. அதனை மறைக்காமல் இந்த அவையில் சொல்லிவிடுவதே முறையென்று எண்ணி வந்து நிற்கிறோம்.

இன்று பாகிஸ்தானத்தில் உள்ள பஞ்சாபில், இராவி நதியின் பழைய கரையில், ஹரப்பா என்று ஓர் ஊர். 1820களில் அவ்வழியே ஓர் ஆங்கிலேயன் சென்றான். இயற்பெயர் ஜேம்ஸ் லூயிஸ். கம்பெனிப் பட்டாளத்தைவிட்டு ஓடிப்போய், சார்லஸ் மேசன் என்று பெயரை மாற்றிக்கொண்டு திரிந்தவன். பெரிய மேடும், மேட்டின்மேல் பாழ்பட்ட செங்கற் சுவர்களும் அவன் கண்ணிற் பட்டன. ஓர் அரசன் செய்த தீச்செயலால் அந்நகரம் அழிந்தது என்று ஊரார் வழிவழியாகக் கதை சொல்லிவந்தனர். அலெக்சாந்தர் காலத்து நகரமாயிருக்கலாம் என்று மேசன் கருதினான். 1842இல் வெளியான தன் நூலில் எழுதியும் வைத்தான். அவன் கணக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் தவறிப்போயிற்று. ஆனாலும் அவன் ஒரு செங்கல்லையும் உடைக்கவில்லை. உடைத்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் கேங்மேன் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை, மற்றையோர்க்காகச் சொல்லுகிறோம். தண்டவாளத்தின் கீழே ஸ்லீப்பர், ஸ்லீப்பரின் கீழே ஜல்லி. வண்டியின் பளுவை மண்ணில் பரவச் செய்வதும், மழைநீரை வடியவிடுவதும், பாதையை அசையாது பிடித்துக்கொள்வதும் அந்த ஜல்லியே. மலைப்பக்கம் என்றால் கருங்கல் கிடைக்கும். பஞ்சாபிலும் சிந்துவிலுமோ தோண்டத் தோண்ட ஆற்று வண்டலேயன்றிக் கல் என்பது மருந்துக்கும் கிடையாது.

1850களின் பிற்பகுதியில் அங்கே பாதை போட வந்தவர்கள் ஜான் பிரண்டன், வில்லியம் பிரண்டன் என்னும் உடன்பிறந்தார். தமையன் கராச்சிப் பக்கத்தில் பணி செய்தார்; பிராமணாபாத் என்னும் பாழூரின் செங்கற்களைக் கொண்டு ஜல்லிக் கவலையைத் தீர்த்துக்கொண்டார். அந்த உபாயம் இலாகூர்–முல்தான் பாதையில் இருந்த தம்பிக்கும் எட்டிற்று. அவர் தம் பாதையோரத்தில் அத்தகைய பாழூர் உண்டா என்று தேடினார். ஹரப்பா அகப்பட்டது. பிற்காலத்தில் ஜான் பிரண்டன் தம் பேரக்குழந்தைகளுக்கென்று ஒரு நினைவுக் குறிப்பு எழுதிவைத்தார். அது 1939இல் அச்சேறியது. நல்ல வேலைக்காரர், கெட்ட மனிதரல்லர். வழியிற் கிடந்த பழஞ்செங்கல்லை எடுத்துப் பயன்படுத்தினார்கள், அவ்வளவே. நம் கண்காணிப்பாளர் அந்நாளில் அங்கு இருந்திருந்தால், செலவை மிச்சப்படுத்தினார்கள் என்று பாராட்டுக் கடிதமே எழுதியிருப்பார்.

அலெக்சாந்தர் கன்னிங்காம் என்பார் 1853இலும் 1856இலும் அந்த மேட்டைப் பார்த்திருந்தார். பிறகு இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக 1872–73இல் மீண்டும் சென்றார். முன்பு தாம் கண்ட சுவர்கள் பலவற்றைக் காணோம். இலாகூர்–முல்தான் பாதையில் ஏறக்குறைய 100 மைல் நீளத்துக்கு ஜல்லியாகும் அளவு செங்கல் அங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தது என்று அவர் எழுதினார். இலாகூர்–முல்தான் பாதை 1865இல் திறக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டு வெயிலையும் வெள்ளத்தையும் தாங்கிய கோட்டை, சில ஆண்டுகளில் உடைந்து சில்லுச் சில்லாகத் தண்டவாளத்தின் கீழே படுத்துவிட்டது. அதன்மேல் வண்டிகள் ஓடின. சன்னலோரம் அமர்ந்து அடுத்த நிலையம் எது என்று கேட்டுக்கொண்டு சென்ற பயணிகளில் ஒருவருக்கேனும் தாம் எதன்மேல் செல்கிறோம் என்பது தெரியாது. ஓட்டியவருக்கும் தெரியாது, எங்களைப்போல் ரசீது எழுதியவருக்கும் தெரியாது.

நிற்க. அந்த இடிபாட்டிலிருந்து கன்னிங்காம் கையில் ஒரு சிறு பொருள் கிடைத்தது: கரிய நிறக் கல் முத்திரை ஒன்று. அதிலே திமில் இல்லாத ஒரு விலங்கு. மேலே இன்னதென்று அறியமுடியாத சில எழுத்துக் குறிகள். 1875இல் அதன் படத்தை வெளியிட்ட அவர், விலங்குக்குத் திமில் இல்லாமையால் இது அயல்நாட்டுச் சரக்கு என்று முடிவு கட்டினார்! புதையற் பெட்டியின் சாவி கையில் கிடைத்தும், வேறு எவர் வீட்டுச் சாவியோ என்று எறிந்தது போலாயிற்று. பின்னர் இராசபுத்தானப் பாலைவனத்தில் காளிபங்கன் மேட்டில் தெசித்தோரி என்னும் இத்தாலிய அறிஞர் இவ்வகை முத்திரைகளைக் கண்டெடுத்தார். அவற்றின் பெருமை உலகுக்குத் தெரியுமுன் 1919இல் பிக்கானீரில் காலமாகிவிட்டார்.

ஹரப்பாவில் 1921இல் தயாராம் சாஹனியும், 1922இல் சிந்து மாநிலத்து மொகஞ்சதாரோவில் இராகால்தாஸ் பானர்ஜியும் அகழத் தொடங்கினர். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 400 மைல். இரண்டிடத்தும் ஒரே முத்திரை, ஒரே செங்கல். தலைவர் சர் ஜான் மார்ஷல் இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்து, 1924 செப்டம்பர் 20ஆம் நாள் இலண்டன் படப் பத்திரிகை ஒன்றில் செய்தியை வெளியிட்டார். ஒரே வாரத்தில், சேய்ஸ் என்னும் பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது: இதே போன்ற முத்திரைகள் பாரசீகத்துச் சூசா நகரில் கிடைத்திருக்கின்றன என்று. நம் நாட்டு வரலாறு ஒரு வாரத்தில் ஈராயிரம் ஆண்டு பின்னோக்கி நீண்டது.

“பொன் எங்கே?” என்று முன்வரிசைக் குழந்தைகள் கேட்பது தெரிகிறது. பொன்னும் உண்டு. மொகஞ்சதாரோவில் வெள்ளிச் சாடி ஒன்றில் அடைத்துப் புதைத்த நகைகள் கிடைத்தன. கராச்சிக்கு அருகே அல்லாதினோ என்னும் இடத்தில் 1976இல் ஒரு வீட்டின் தரைக்கடியில் சிறு பானை; அதனுள் பொன்னும் வெள்ளியும், நீண்ட சிவப்புக் கார்னீலிய மணிகள் 36 கோத்த ஒட்டியாணமும். அம்மணிகளில் நெடுக்காகத் துளையிடுவதென்பது ஒரு மணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் நகரும் வேலை. அந்த ஒட்டியாணம் ஒன்றைச் செய்து முடிக்க ஒரு பட்டறைக்கு 480 வேலைநாட்களுக்கு மேல் ஆகும் என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். ஒன்றரை ஆண்டு உழைத்து ஒருவன் செய்ததை ஒருத்தி பானையிலிட்டு, வீட்டுத் தரையிலே புதைத்து, ஏனோ திரும்பி வந்து எடுக்கவில்லை.

2000ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத்தில் மண்டி என்னும் சிற்றூரில் வயலைச் சமப்படுத்தும்போது பொன் வளையும் மணியும் மண்ணோடு மண்ணாகப் புரண்டு வந்தன. செய்தி பரவிற்று. ஊரே திரண்டது. கையிற் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பின்னர்க் காவலர் வந்து மீட்டது ஏறக்குறைய 10 கிலோ. உண்மையான புதையல் வேட்டை இப்படித்தான் இருக்கும். கதைகளில் வருவதுபோல் வரைபடமும் பூதமும் இராது. பொன் எடை அறியப்பட்டது. ஆனால் எந்தப் பானையில், எந்த ஆழத்தில், எதனருகே இருந்தது என்பது அன்றே கலைந்துவிட்டது. ஜல்லி உடைத்தவர்களை நாம் எவ்வாறு குறைகூறுவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1947இல் நாடு பிரிந்தபோது மேசை நாற்காலி முதல் யாவும் பங்கிடப்பட்டன அன்றோ? மொகஞ்சதாரோவிற் கிடைத்த ஒட்டியாணம் ஒன்றையும் கழற்றி, மணிகளை எண்ணி, உனக்குப் பாதி எனக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது.

இனி நம் சொந்த அனுபவத்திற்கு வருவோம். சென்ற மார்கழியில் நம் காலனிக் குடும்பங்கள் சில, புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு, இலோதலுக்குச் சென்றிருந்தோம். நாம் வாழும் இதே குஜராத்தில், புர்கி நிலையத்திலிருந்து சில கிலோமீட்டரில் உள்ளது. 1954இல் எஸ். ஆர். இராவ் கண்டுபிடித்தார், அடுத்த ஆண்டு முதல் அகழ்ந்தார். முதலிற் காண்பது செங்கற் கட்டிய ஒரு பெருந்தொட்டி: ஏறத்தாழ 219 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். கப்பல்துறை என்றார் இராவ். ஏரி என்று மறுத்தவர்களும் உண்டு. குழந்தைகள் கப்பல்துறை என்றே தீர்ப்பளித்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள்.

நம் காலைப் பிடித்து நிறுத்தியது தொட்டியன்று; பக்கத்திலிருந்த பண்டகசாலை. அது ஒரு காலத்தில் தீப்பற்றி எரிந்தது. அந்தத் தீயில் வெந்து இறுகிய களிமண் முத்திரைப் பதிவுகள் 65 அங்கே கிடைத்தன. அருங்காட்சியகத்தில் அவற்றின் பின்புறத்தைப் பார்த்தோம். பாயின் அச்சு, துணியின் அச்சு, முறுக்கிய கயிற்றின் அச்சு! அன்பர்களே, நாம் நெகிழ்ந்துபோனோம். மூட்டையைப் பாயிற் சுற்றி, கயிற்றால் இறுக்கி, முடிச்சின்மேல் களிமண் அப்பி, முத்திரை வைத்திருக்கிறார்கள். வேகன் கதவில் நாங்கள் ஈயச் சீல் அடிப்பது எதற்கோ அதற்காகத்தான்: வழியில் எவரும் பிரிக்கவில்லை என்பதற்குச் சாட்சி. நாலாயிரம் ஆண்டுக்கு முன் அந்தத் துறையில் நம்மைப்போல் ஒரு சரக்குக் குமாஸ்தா இருந்திருக்கிறான். அவனுடைய எடைக்கற்களையும் கண்டோம். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துச் செல்பவை. பதினாறாம் படி சுமார் 13.7 கிராம். ஹரப்பாவிலும் அதுவே, இலோதலிலும் அதுவே. செங்கல்லும் அவ்வாறே, கனம் ஒன்று, அகலம் இரண்டு, நீளம் நான்கு என்னும் அளவு எங்கும் மாறவில்லை. இக்காலத்தில் இரண்டு நிலையங்களின் தராசு ஒத்துவராமல் நாம் படும் பாட்டை நினைக்க, அவர்கள் நிருவாகத்தின்மேல் பொறாமையே எழுந்தது.

அப்போதுதான் நம் காலனிச் சிறுமி ஒருத்தி ஒரு முத்திரையைக் காட்டி, “இது தமிழா, மாமா?” என்று கேட்டாள். “இருக்கலாம் அம்மா” என்றோம். அருகிலிருந்த இளம் அன்பர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. “என்ன சார் இருக்கலாம்? தமிழேதான். மலரிலும் அப்படியே எழுதவேண்டும்” என்றார். திரும்பும் வண்டி முழுதும் இதே வாதம். இன்றும் அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்து நம்மை உற்று நோக்குகிறார். அவருடைய ஆசையே நமது ஆசையும். அயல் மாநிலத்தில் பிழைக்க வந்து, ‘மதராசி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு, இந்த மண்ணிலே நம் பாட்டன் துறைமுகம் வைத்திருந்தான் என்பது எத்துணை இனிய செய்தி! இனிமையாய் இருப்பதனாலேயே நாம் அதனை இருமுறை எடைபோட வேண்டியவர்களாக இருக்கிறோம்.

தமிழர் பக்கத்துச் சாட்சி சிறிதன்று. பம்பாயில் வாழ்ந்த ஏசுசபைப் பாதிரியார் ஹீராஸ், முத்திரைகளில் அடிக்கடி வரும் மீன் குறியைக் கண்டு, திராவிட மொழிகளில் ‘மீன்’ என்பது நீர்வாழ் உயிரையும் விண்மீனையும் ஒருங்கே குறிக்கும் அன்றோ என்றார். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பார்ப்போலா அதை மேலும் வளர்த்தார். மீனோடு ஆறு கோடு சேர்ந்தால் அறுமீன், அதாவது கார்த்திகை. ஏழு கோடு சேர்ந்தால் எழுமீன். இரண்டு சொற்களும் பழந்தமிழில் உள்ளவை. பலுசிஸ்தானத்தில் இன்றும் பேசப்படும் பிராகூயி திராவிட மொழியே. நம் ஐராவதம் மகாதேவன், இந்திய ஆட்சிப் பணியிலும் பின்னர்த் ‘தினமணி’யின் ஆசிரியராகவும் இருந்தவர், 1977இல் கிடைத்த முத்திரை வாசகங்களையெல்லாம் தொகுத்து 417 குறிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தார். 2018இல் மறையும்வரை அம்மொழி திராவிடக் குடும்பத்தது என்றே கருதினார்.

எதிர்ச்சாட்சியும் உண்டு. இலோதலை அகழ்ந்த அதே இராவ், 1982இல் நூலெழுதி, ஆரிய மொழிக்கே அவ்வெழுத்து உரியது என்றார். 2004இல் அமெரிக்க அறிஞர் மூவர், அது எழுத்தே அன்று, வெறும் சின்னங்கள் என்று வாதித்தனர். ஒருவர் படித்ததை மற்றவர் ஏற்பதில்லை. காரணம், வாசகங்கள் மிகக் குறுகியவை. சராசரி ஐந்து குறிகள். இரு மொழியில் எழுதிய கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. பாரிசு இலூவர் அருங்காட்சியகத்தில் ஓர் அக்காதிய முத்திரை இருக்கிறது. அதன் சொந்தக்காரன் ஷூ-இலிஷு, மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளன் என்று தன்னைக் கூறிக்கொள்கிறான். மெலுஹா என்பது சிந்துவெளியே என்பது பலர் துணிபு. அவனிடம் ஒரு சொற்பட்டியல் இருந்திருக்குமானால், அது ஏதேனும் ஒரு மேட்டின் கீழ் இன்னும் கிடக்கலாம். புதையல் என்றால் அதுவே புதையல்.

இந்த இடத்தில் சரக்கு எழுத்தர் என்ற தகுதியில் ஒன்று சொல்லத் துணிகிறோம். பார்சலின்மேல் நாங்கள் எழுதுவது எவ்வளவு? புறப்படும் இடம், சேரும் இடம், எண்ணிக்கை. அதுவும் குறியெழுத்தில். திருச்சிராப்பள்ளிக்கு டி.பி.ஜே. சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ்.; நகரின் பெயர் 1996இலேயே மாறிவிட்டது, குறி மாறவில்லை. நாலாயிரம் ஆண்டு கழித்து ஒருவன் நம் லேபில்கள் நூறு கிடைத்து, ‘டி.பி.ஜே.’ என்பதிலிருந்து திருச்சியில் எம்மொழி பேசினார்கள் என்று கண்டுபிடிக்க முயன்றால் என்ன ஆவான்? சிந்து முத்திரைகளும் அத்தகைய லேபில்களாயிருக்குமானால், அவற்றைப் படிக்க முடியாமல் அறிஞர்கள் திணறுவதில் வியப்பில்லை. ஆயினும் அது வலமிருந்து இடமாக எழுதப்பட்டது என்பது மட்டும் உறுதி. எப்படி என்றால், வரி முடியும் இடது ஓரத்தில் இடம் போதாமல் குறிகளை நெருக்கியிருக்கிறார்கள். லேபிலின் கடைசியில் நாமும் அதையே செய்கிறோம்.

2025 ஜனவரி 5ஆம் நாள், சென்னையில் நடந்த சிந்துவெளிக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டுக் கருத்தரங்கில், தமிழக முதலமைச்சர் என்ற முறையில் மு. க. ஸ்டாலின், அவ்வெழுத்தின் புதிரை விடுவிப்போர்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு என அறிவித்தார். வேட்டைக்கு வருவோர்க்கு மண்வெட்டி தேவையில்லை. மகாதேவனின் தொகுப்பும் பொறுமையும் போதும். ஆகவே, மூன்றாம் வரிசை அன்பரே! மலரில் ‘தமிழேதான்’ என்று அச்சிடுவதற்கு நாம் இசையவில்லை. ‘தமிழுக்கு உறவான மொழியாக இருக்கலாம் என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன’ என்று அச்சிடச் சொல்லியிருக்கிறோம். வரி நீண்டுவிட்டது, ஓரத்தில் நெருக்கிக்கொள்ளலாம்.

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோம். “இது தமிழா?” என்று கேட்டாளே, உண்மையில் அது தமிழாகவே இருந்திருந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளியில் குஜராத்தி, இந்தி, ஆங்கிலம். வீட்டில் தமிழ் வாயோடு சரி. ஊரிலிருந்து அவள் பாட்டி எழுதிய பழைய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றனவாம். அவளுக்கு அவையும் மொகஞ்சதாரோ முத்திரையும் ஒன்றே. இலோதலிலிருந்து திரும்பிய பின்பு, நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் தானாகவே வந்து அமர்ந்தாள். முதல் நாளே மீன் படம் ஒன்று வரைந்து, பக்கத்தில் ஆறு கோடு போட்டு, கீழே பெயர் எழுதவேண்டும் என்று அடம். எழுதியும் விட்டாள். ‘மீண்’ என்று எழுதியிருக்கிறாள். இரண்டு சுழியா மூன்று சுழியா என்பதில் இன்னும் அவளுக்கும் நமக்கும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வகுப்பு காலை பத்து மணிக்கு, இதே மண்டபத்தில்தான்.